டிக்கிக்குள் ஓர் ஈரச் சாக்கு

ஏரிக்கரை மீனவ ஊரான கோட்டைக்குப்பத்தில் அக்கா வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே கிளம்பினேன். எதற்குச் சண்டை என்று இப்போது நினைவில்லை. டிக்கியை அவள் ஓங்கிச் சாத்தினாள். கோபம் என்று நினைத்துக்கொண்டேன். ஏரிமேல் வெள்ளையாய்ப் பனி படர்ந்திருந்தது. பாலத்தின்மேல் கார் ஓடியதா மிதந்ததா என்றே தெரியவில்லை. அந்த ஊரில் யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள், ஒரு கூறு இறாலாவது கட்டிக் கொடுப்பார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் இல்லையே என்று சென்னை வரைக்கும் பொருமினேன்.

மூன்றாம் நாள் காரில் நாற்றம் எடுத்தது. மிதியடிகளைக் கழுவி வெயிலில் போட்டேன். ஏசி ஃபில்டரை மாற்றினேன். எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தேன். எதற்கும் அசையவில்லை. தூங்கும்போதும் அந்த நாற்றம் என் கூடவே இருந்தது. கனவில் ஏரி வற்றி, சேற்றில் என் கார் நின்றுகொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் டிக்கியின் விரிப்பைத் தூக்கினேன். ஸ்டெப்னி டயரின் குழிக்குள் ஒரு சாக்குப் பை. உள்ளே, கொடுக்கைச் சணலால் கட்டிய நண்டுகள். இருட்டும் ஈரமும் இருந்தால்தான் நண்டு வீடு சேரும்வரை உயிரோடு இருக்கும் என்று இப்படி வைத்து அனுப்புவது அவர்கள் வழக்கம். என் கையில் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்பதும் அவளுக்குத் தெரியும்.

பினாயிலால் குழியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஈரக் கையோடு அவளுக்குப் போன் செய்தேன்.

“நண்டு ருசியா இருந்துச்சாடா?” என்றாள்.

“ஒண்ணுகூட மிச்சம் வெக்கலக்கா” என்றேன்.