நான் திருத்திக் கொடுத்த வசனம்

பிழையைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. சாய்ந்தமருதில், பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு, வீட்டு முன்னறையில் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவள் நான். எங்கள் ஊரில் யாரும் 'போறன்' என்று சொல்லிப் புறப்படமாட்டார்கள். 'போயிட்டு வாறன்' என்பார்கள். அதையே பிள்ளைகள் 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று எழுதி வைப்பார்கள். சிவப்புப் பேனையால் ஒரே வெட்டு.

கத்தாரில் செக்யூரிட்டி வேலை பார்த்த என் தம்பிக்கு சுப்பர்வைசர் வேலைக்கான இன்டர்வியூ வந்தது. அது கிடைத்தால்தான் பெண்சாதி பிள்ளையை அங்கே கூப்பிடலாம். நான் சட்டம் போட்டேன். "இன்டர்வியூ முடியுமட்டும் என்னோட தமிழில கதைக்கப்படாது. வட்ஸ்அப்பில இங்கிலீஷ்லதான் எழுதணும்."

"ஓம் ராத்தா, பெரிய டீச்சர் சொன்னா கேக்கத்தானே வேணும்" என்று சிரித்தான்.

தினமும் எழுதினான். தினமும் நான் பிழை பிடித்துத் தலையில் குட்டாத குறை. ஒருநாள் வகுப்பு நடுவில் அவனிடமிருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. தமிழாகத்தான் இருக்கும் என்று, கேட்காமலே 'இங்கிலீஷ்ல எழுதுடா' என்று தட்டிவிட்டேன். கொஞ்சம் பொறுத்து எழுத்தாக வந்தது: 'ஐ ஆம் ஹேவிங் செஸ்ட் பெயின் ஃப்ரம் டூ டேய்ஸ்.'

எங்கள் ஆட்கள் எல்லோரும் விடுகிற அதே பிழை! 'ஃப்ரம் இல்லடா, ஃபோர் டூ டேய்ஸ். ஐ ஹேவ் பீன் ஹேவிங் என்று தொடங்கு' என்று போட்டேன். அவன் முழு வசனத்தையும் பிழையில்லாமல் திருப்பி எழுதி அனுப்பினான். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அல்லாஹ்வே! இரண்டு நாளாக நெஞ்சு நோகிறது என்று என் கூடப்பிறந்தவன் எனக்குச் சொல்லியிருக்கிறான். நான் அதை வாசிக்கவேயில்லை, திருத்தினேன்.

மறுநாள் விடிய, சுபஹு நேரம் அவனோடு அறையில் இருந்தவர் அழைத்தார். மாரடைப்பு. மௌத்தாகிவிட்டான். அங்கேயே அடக்கிவிட்டார்கள்.

இப்போது எந்தப் பிள்ளையின் கொப்பியைத் திறந்தாலும் அவன் எழுதியது போலவே இருக்கிறது. பேனையை எடுக்கப் பயம். "சுகமா இருக்கியா?" என்று ஒவ்வொருத்தரையும் கேட்கிறேன். பைத்தியம் என்று நினைக்கிறார்களோ தெரியாது.

உம்மாதான் விடுகிறா இல்லை. "கடைசியா உன்னோடதானே கதைச்சான். என்ன புள்ள சொன்னான்?"

"சுகமா இருக்கன் எண்டான், உம்மா."

"அல்ஹம்துலில்லாஹ். எண்ட புள்ள ஒரு நோவும் தெரியாமத்தான் போயிருக்கான்" என்று உம்மா முகத்தைத் துடைத்துக்கொள்கிறா.