தேங்காய்க்கு அளவான வாய்

பூச்சாடிகளின் வாயைப் பிடிவாதமாக அகலமாக வைத்தது நான்தான். யாழ்ப்பாணத்தில் வீட்டலங்காரக் கடை நடத்தும் ஓர் அண்ணைக்குப் பீங்கான் சாமான்கள் வடிவமைத்துக் கொடுக்கிறேன். முதல் தொகுதியைக் கண்டதுமே அவர் முகத்தைச் சுளித்தார்.

"பிள்ளை, உதுக்குள்ளை பூ வைச்சால் சரிஞ்செல்லே விழும். ஆர் வாங்கப்போகினம்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வளைவு சரிவர எத்தனை மாதிரிகளை உடைத்திருப்பேன்! ஆனால் ஒன்றுகூட விலைபோகவில்லை. கடைசியில் அவற்றைத் தன் புதுக் கிளையின் மூலையில் அடுக்கிவிட்டார்.

அந்தக் கிளையின் திறப்பு நாள். வாசலில் வாழையிலை விரித்து அரிசி பரப்பியாயிற்று. மாவிலையும் தேங்காயும் தயார். நிறைகுடம் வைக்கப் பித்தளைக் குடத்தைத் தேடினால், அதை அண்ணை தூரத்தில் கொடிகாமத்திலுள்ள தன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"ஐயோ, நல்ல நேரம் முடியப்போகுதே!"

"பொறுங்கோ அண்ணை," என்று என் சாடியொன்றைத் தூக்கிவந்து இலையில் வைத்தேன். தண்ணீர் நிரப்பி, மாவிலை செருகி, தேங்காயை இருத்தினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் அது அசையாமல் உட்கார்ந்தது. நீல வரிகளுக்கு மேலே மஞ்சள் பூசிய தேங்காய்! எனக்கே புல்லரித்தது.

முதலில் வந்த அம்மா வாசலைத் தாண்டவேயில்லை.

"தம்பி, உந்தக் குடம் விக்கிறதோ? மகளின்ரை கலியாணத்துக்கு வேணும்."

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஓம் அம்மா. இவதான் செய்தவ," என்றார்.

பின்னேரத்துக்குள் அந்த மூலை காலியாகிவிட்டது.

இப்போது புதுச் சாடி வரைய உட்கார்ந்தால், நான் பூவை நினைப்பதில்லை. குசினிக்குப் போய் ஒரு தேங்காயை எடுத்துவந்து மேசையில் வைத்துக்கொள்கிறேன்.