ஓடிப் போய் நின்ற வீடு

சனிக்கிழமை காலையில் ஓடுகிற ஒரு குழுவில் நான் இருக்கிறேன். வெறும் ஓட்டம் இல்லை. சிங்கப்பூரில், லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்கு வெளியே கூடி, கை கால்களை உதறிக்கொண்டு, ஏதாவது ஒரு வேலை காத்திருக்கிற இடத்துக்கு ஓடுவோம். ஒரு வாரம் முதியோர் இல்லத்தின் பின்புறம் காய்கறிப் பாத்தி கொத்துவோம். இன்னொரு வாரம் உணவுப் பொட்டலம் கட்டுவோம். சில வாரங்களில் தனியாக இருக்கும் பெரியவர் யாருடைய வீட்டையாவது ஒழித்துச் சுத்தம் செய்வோம். வேலை முடிந்ததும் திரும்ப ஓடிவந்து காப்பிக்கடையில் பரோட்டாவும், தே தாரே என்கிற இழுத்து ஆற்றிய டீயும்.

பலதுறை மருந்தகத்தில் டாக்டர் என் சர்க்கரையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்ததால் நான் இதில் சேர்ந்தேன். தனியாக நடக்கச் சோம்பல். சமூக மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் இந்தக் குழுவின் சுவரொட்டி இருந்தது. உண்மையைச் சொன்னால், அதில் 'தொண்டூழியம்' என்ற சொல்லைவிட 'இலவசம்' என்ற சொல்தான் முதலில் என் கண்ணில் பட்டது.

குழுவை நடத்துகிறவள் முப்பதுகளில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண். வங்கியில் வேலை. என்னை "அண்ணே" என்பாள். சேர்ந்த புதிதில், ஓடிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, நீங்க எங்க இருக்கீங்க?"

"ஃபேரர் பார்க் பக்கம்."

"நல்ல ஏரியா லா. புதுசா காண்டோல்லாம் வந்திருக்கே."

நான் சிரித்தேன். பொய் எதுவும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

நான் இருந்தது காண்டோ என்கிற வசதியான தனியார் அடுக்குமாடியில் இல்லை. அங்கேயுள்ள ஒரு பழைய அரசாங்க அடுக்குமாடி புளோக்கில், ஓரறை வாடகை வீட்டில். விவாகரத்துக்குப் பிறகு கிளமெண்டியில் இருந்த சொந்த வீடு போனது. அதற்கு முன்பே விருந்துகளுக்குச் சமைத்து அனுப்பும் என் தொழில் படுத்துவிட்டது. தனி ஆட்களுக்கு இந்த மாதிரி வீட்டை இரண்டிரண்டு பேராகத்தான் கொடுப்பார்கள். அப்படி, முன்பின் தெரியாத ஒரு பெரியவரோடு ஒரே அறையில், எதிரெதிர்ச் சுவரோரம் படுக்கை போட்டுக்கொண்டு இருந்தேன். பகலில் ஒரு கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலை.

பெரியவர் எழுபதைத் தாண்டியவர். துறைமுகத்தில் லாரி ஓட்டி ஓய்ந்தவர். தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பார். அதில் வருகிறவர்களோடு சண்டை போடுவார். யாராவது தூக்கிப் போட்ட மின்விசிறி, ரேடியோ, செய்தித்தாள் கட்டு என்று எதைக் கண்டாலும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார். கேட்டால், "எல்லாம் ரிப்பேர் பண்ணிடலாம் தம்பி" என்பார். அவர் எதையும் பழுதுபார்த்து நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளாகவே வீட்டில் மூட்டைப்பூச்சி. முழங்கையிலும் கழுத்திலும் வரிசையாகத் தடிப்பு. ஓடப் போகும்போது போடுகிற குழுவின் டி-சட்டையை மட்டும் வீட்டுக்குள் வைக்கமாட்டேன். துவைத்து வெளியே மூங்கில் கழியில் மாட்டி, அங்கிருந்தே எடுத்து உதறிப் போட்டுக்கொள்வேன். பையை பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்திருந்தேன். குழுவில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவர் பையிலாவது பூச்சி ஏறிவிட்டால் என்ற பயம் ஓட்டத்தை விட அதிகமாக எனக்கு மூச்சு வாங்க வைத்தது.

ஒரு நாள் சாயங்காலம் பெரியவர் சொன்னார்.

"தம்பி, சனிக்கிழம ஆளுங்க வராங்க. கீழ முதியோர் சென்டர்ல இருக்கிற பொண்ணுகிட்டச் சொல்லி வச்சேன். மருந்து அடிச்சி, எல்லாத்தையும் ஒழிச்சிக் குடுப்பாங்களாம்."

"எனக்கு வேலை இருக்குய்யா. நீங்க பாத்துக்குங்க."

நகர மன்றத்திலிருந்து யாரோ வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் வரும்போது நான் இருக்கமாட்டேன் என்பதில் நிம்மதிகூட.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். யாருடைய வீட்டுக்குப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். "வீட்டுக்காரங்களுக்கும் மானம் இருக்குல்ல" என்பாள் அந்தப் பெண். உள்ளே போனதும் படம் எடுக்கக் கூடாது. எந்தப் பொருளையும் கேட்காமல் எறியக் கூடாது. கையில் எடுத்துக் காட்டி, "வைக்கவா, போடவா?" என்று கேட்க வேண்டும். நான் இதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவள், "இன்னிக்கு ஒரு வாடகை வீடு. மூட்டைப்பூச்சி இருக்கு, எல்லாரும் கையுறை போட்டுக்குங்க" என்றாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அந்த மாதிரி வீடுகள் எத்தனையோ. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நேராக ஓடினோம். அவள் முன்னால், நான் நடுவில். ஒரு திருப்பத்தில் அவள் இடது பக்கம் கை காட்டியபோது என் வேகம் குறைந்தது. அடுத்த திருப்பத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தினமும் நான் வேலை விட்டு வருகிற வழி அது.

நின்றேன். முட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னாச்சு அண்ணே?"

"முட்டி பிடிச்சிக்கிச்சி. நீங்க போங்க. நான் அப்படியே திரும்பிப் போயிடுறேன்."

"எதுக்கு? இதோ வந்தாச்சு லா. மெதுவா நடங்க, நானும் கூட வரேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலிக்காத காலை இழுத்து இழுத்து நடந்தேன். மின்தூக்கியில் அவள் என் மாடியின் எண்ணை அழுத்தினாள். நடைபாதையில் என் வேலைக்கால்சட்டை எங்கள் வாசலுக்கு மேலே காய்ந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் அதன் கீழே வரிசையாக நின்றார்கள்.

பெரியவர் கதவைத் திறந்தார். தலை வாரி, நல்ல சட்டை போட்டிருந்தார். எல்லாரையும் பார்த்துக் கை கூப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, சாவி எடுத்துட்டுப் போகலியா?"

அந்தப் பெண் என் டி-சட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அண்ணே... நீங்க இங்கயா இருக்கீங்க?"

நான் ஆங்கிலத்தில் பேசினேன். எல்லாம் இவருடைய சாமான்கள்தான், பூச்சி வந்ததும் இவரால்தான், எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், கேட்கவேமாட்டார் என்றேன். யாரும் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கவில்லை. ஆங்கிலத்தில் பேசினால் வாசலுக்கு வெளியே, அவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கலாம் என்று அந்த நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

உள்ளே போனார்கள். அந்தக் குழுவில் உயரமான ஒரு சீனப் பையன் உண்டு, கணினி வேலை செய்கிறவன், என்னை அங்கிள் என்பான். அவன் முதலில் பெரியவரின் மடக்குக் கட்டிலைத் தூக்கி நிறுத்தினான். மருந்து அடிக்கத் தனியாக வந்திருந்தவர் டார்ச் அடித்துப் பார்த்து, "இங்க அவ்வளவா இல்ல" என்றார். அடுத்து என் மெத்தை. தையலைப் பிரித்ததும் கரும்புள்ளிகள், தோல்கள், நெளிகிற உயிர்கள்.

"கூடு இங்கதான் லா. எல்லாம் இங்கேர்ந்துதான் கிளம்பியிருக்கு. பழைய மெத்தையா?" என்றார் மருந்து அடிப்பவர்.

குடிவந்த வாரத்தில், கீழே குப்பை வைக்கும் இடத்தில் யாரோ விட்டுப்போயிருந்த மெத்தை அது. நன்றாகத்தான் இருக்கிறது என்று நானே தூக்கிவந்தேன். அது வரும்வரை வீட்டில் பெரியவருக்கு எந்தக் கடியும் இருந்திருக்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் இரண்டையும் சேர்த்து யோசித்தேன். காது மடல் எரிந்தது.

சீனப் பையன் மெத்தையைப் பெரிய பிளாஸ்டிக்கில் சுற்றி நாடா ஒட்டினான். ரொம்பக் கவனமாக, பரிசுப்பொருள் கட்டுவது போலச் சுற்றினான். அவன் என் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண் என் அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு சோறாக்கும் மின்குக்கரை எடுத்தாள். என் தொழில் நடந்த காலத்தில் வாங்கிய பெரிய குக்கர். கம்பி கருகிப் போனது.

"அண்ணே, வைக்கவா, போடவா?"

மற்ற வீடுகளில் இப்படி எடுத்துக் காட்டும்போது, உடைந்த பொருளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் பெரியவர்களைப் பார்த்து மனசுக்குள் சலித்துக்கொண்டவன் நான். இப்போது என் வாய், "வைங்க" என்றது. அவள் தலையாட்டிவிட்டு அதைத் துடைத்து ஓரமாக வைத்தாள். அடுத்து ஒரு பெட்டி. அதற்கும் "வைங்க." என் உள்ளாடைகள் இருந்த கூடையை ஒரு கல்லூரிப் பெண் கையுறைக் கையால் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். பெரியவரோ தன் ரேடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "போடு, போடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அன்றைக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மருந்து அடித்த பிறகு சாயங்காலம் வரை வீட்டுக்குள் போகக் கூடாது என்றார்கள். குழு கிளம்பியது. "அண்ணே, தே குடிக்க வாங்க" என்றாள் அவள். முட்டி வலிக்கிறது என்றேன்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் மேசையில் நானும் பெரியவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். எங்களைச் சுற்றி எங்கள் மூட்டைகள். மின்தூக்கிக்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அவர் கேட்டார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நெனச்சியா?"

"இல்லைய்யா."

"அப்ப தெரிஞ்சேதான் சொன்ன."

"ஆமாய்யா."

"எதுக்கு?"

"அவங்க முன்னாடி வெக்கமா இருந்துச்சி."

"என்னப் பாத்தா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மெத்தை விஷயத்தைச் சொன்னேன். எங்கே கிடந்தது, எப்போது தூக்கிவந்தேன் எல்லாம். சொன்னால் கொஞ்சம் இறங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம்தான் ஏறியது.

"அப்பச் செஞ்சதும் நீ, பழி மட்டும் எனக்கா? நல்லா இருக்குடா உன் நியாயம்!"

எழுந்து காப்பிக்கடைக்குப் போனார். ஒரு தட்டு மீ கோரிங் நூடுல்ஸ் வாங்கிவந்து என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். வேண்டுமா என்று கேட்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியதும் அறையின் குறுக்கே கயிறு கட்டி ஒரு பழைய கைலியைத் தொங்கவிட்டார். அதற்கப்புறம் வாரக்கணக்கில் என்னோடு பேச்சில்லை. தொலைக்காட்சியைக்கூட மெதுவாக வைத்தார். எனக்கு அந்தச் சத்தம் இல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை.

ஓடப் போவதை நிறுத்தினேன். அவள் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் போடவில்லை. ஒரு நாள் புதிய மெத்தை ஒன்று வாசலில் இறங்கியது. யார் அனுப்பியது என்று கொண்டுவந்தவருக்குத் தெரியவில்லை, குழுதான் என்று எனக்குத் தெரிந்தது. அதில் படுக்கும்போதெல்லாம் முதுகு கூசியது. ஆனாலும் அதில்தான் படுத்தேன்.

இன்னொரு சனிக்கிழமை பஃபலோ ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது அந்த டி-சட்டைகள் தூரத்தில் வருவது தெரிந்தது. சட்டென்று கடைக்குள் நுழைந்து வெண்டைக்காய்க் கூடை மேல் குனிந்துகொண்டேன். ஒவ்வொரு காயாக எடுத்து முனையை ஒடித்துப் பார்த்தேன். கடைக்காரர், "அண்ணே, எல்லாத்தையும் ஒடிச்சா யார் வாங்குவா?" என்று சத்தம் போட்டார். கடைசியாக வந்த சீனப் பையன் திரும்பிப் பார்த்தான். கடை வாசலுக்கு வந்தான்.

"அங்கிள், முட்டி சரியாயிடுச்சா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"இன்னும் கொஞ்சம் வலி இருக்கு."

என் முட்டிக்கு எதுவுமில்லை என்பது அவனுக்கும் தெரியும் என்றுதான் தோன்றியது. "ஓகே அங்கிள், பொறுமையா வாங்க" என்று சொல்லிவிட்டு மற்றவர்களைப் பிடிக்க ஓடினான்.

வீட்டுக்கு வந்து கைலியைப் பார்த்துப் பேசினேன்.

"ஐயா, நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. அவங்ககிட்டயே போய்ச் சொல்லிடுறேன்."

"சொல்லு, சொல்லாமப் போ. எனக்கென்ன" என்றது குரல்.

அடுத்த சனிக்கிழமை போனேன். எல்லாரும் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணிடம், மற்றவர்கள் காதிலும் விழும்படி சொன்னேன். "அன்னிக்குப் பெரியவரப் பத்திச் சொன்னது பொய்ம்மா. பூச்சி என் மெத்தையிலேர்ந்துதான் வந்துச்சி. அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் தடுமாறிப் போனாள். "ஐயோ அண்ணே, நாங்க அதெல்லாம் மனசுல வச்சிக்கல" என்றாள். அவர்கள் மறந்துவிட்டதைத்தான் நான் மறுபடி எடுத்து எல்லார் முன்னாலும் வைத்தேனோ என்று இருந்தது. சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை. கல்லூரிப் பெண் குனிந்து தன் காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். பிறகு ஓடினோம்.

இப்போதும் போய்வருகிறேன். புது ஆட்கள் வாடகை வீட்டைப் பார்த்து மூக்கைச் சுளிக்கும்போது ஏதாவது சொல்ல நினைப்பேன். ஒருமுறை சொன்னேன், பலமுறை சொல்லவில்லை. ஒரு வீட்டுக் கதவு திறக்கும்போது உள்ளே இருப்பவரின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே வணக்கம் சொல்கிறேன்.

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம் பெரியவர் எழுந்து கைலியைக் கயிற்றிலிருந்து உருவினார்.

"காத்து வரல" என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் தொலைக்காட்சியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டினார்.