இடது கையில் கட்டிய காப்பு

"மிஷினுதானே ரத்தத்தச் சுத்தம் பண்ணுது? பக்கத்துல நிக்கறதுக்கு எதுக்கு இத்தன வருசப் படிப்பு?" டயாலிசிஸ் டெக்னீசியன் படிப்பை நான் முடித்தபோது பெரியப்பா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். எனக்குச் சுருக்கென்றது. என் வேலை என்னவென்று காட்டுகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

இது நடந்தது போன வருடம் பங்குனியில், அரூரில் நான் வேலை பார்க்கும் டயாலிசிஸ் பிரிவில். கம்பைநல்லூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா வாரம் மூன்று நாள் பஸ்ஸில் வருவார். முதலில் கழுத்தில் குழாய் போட்டுத்தான் டயாலிசிஸ் நடந்தது. அதில் இரண்டு முறை கிருமி தொற்றி, பிழைத்ததே பெரிய பாடு. பிறகுதான் இடது மணிக்கட்டில் ஆபரேஷன் செய்து, ரத்தக் குழாய்கள் இரண்டை இணைத்தார்கள். ஃபிஸ்டுலா என்போம். அதன்மேல் விரல் வைத்தால் செல்போன் வைப்ரேஷன்போல் அதிரும். இனி ஊசி போட அந்தக் கைதான்.

அந்தக் கையில் வேறு ஊசி கூடாது, பிரஷர் பார்க்க விடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்கு ஒரே பெருமை.

ஒரு திங்கட்கிழமை சிரித்துக்கொண்டே வந்து படுத்தார். "அந்தக் கிர்ருனு ஓடுமே, அது நேத்திருந்து அடங்கிடுச்சு பாப்பா. ஆத்தா கருணை. நோவு எறங்குதாட்ட இருக்குது."

அதிர்வு அடங்கினால் ரத்த ஓட்டம் நிற்கிறது என்று அர்த்தம். கையைத் தூக்கிப் பார்த்தால் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. ஊரில் மாரியம்மன் பண்டிகை. தீச்சட்டி எடுக்க சனிக்கிழமை காப்புக் கட்டியிருக்கிறார். உடம்பில் நீர் ஏறிக் கை வீங்க, கயிறு இறுகிவிட்டது. விரல் வைத்தேன். அதிர்வே தெரியவில்லை.

ஏன் கட்ட விட்டீங்க என்று சத்தம் போட்டேன்.

"ஊசி, பிரஷர், பாரம்னு சொன்ன. கயிறுன்னு சொல்லலியே பாப்பா."

உண்மைதான். அதிர்வு நின்றால் ஆபத்து என்றும் நான் சொல்லவில்லை. பெண்களுக்கு இடது கையில்தான் காப்பு. வருடம் தவறாமல் நானும் கட்டிக்கொள்கிறவள்தான்.

கத்தரிக்கோலை எடுத்ததும் அக்கா கையை இழுத்துக்கொண்டார். சாமிக்குக் கட்டியதை நடுவில் அறுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரே பிடிவாதம். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, ஓட்டம் ரொம்ப மெலிசாக இருக்கிறது, முழுக்க அடைத்துக்கொண்டால் மறுபடியும் கழுத்துதான் என்றார். அக்காவின் கண் கலங்கியது. ஆனாலும் கையை நீட்டவில்லை. கூட வந்திருந்த அவர் வீட்டுக்காரர் ஊர்ப் பூசாரிக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாவது முறை எடுத்த பூசாரி நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவுத்து வலது கையில கட்டிக்கச் சொல்லுங்க. கையே போச்சுன்னா தீச்சட்டிய எதுல புடிப்பா?"

முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை வலது கையில் கட்டிவிட்டேன். அதன் பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வெகுநேரம் கழித்து, விரலடியில் லேசாக ஏதோ ஊர்ந்தது. டாக்டர் உடனே சேலத்துக்கு ஸ்கேனுக்கு அனுப்பினார். அடைப்பில்லை, ரத்தம் ஓடுகிறது என்று சாயங்காலம் போன் வந்த பிறகுதான் மதியச் சோற்று டப்பாவைத் திறந்தேன்.

நான் சொல்லிவிட்டேன் என்று நினைத்ததற்கும் அவருக்குப் புரிந்ததற்கும் நடுவில் ஒரு கையே போயிருக்கும். நினைத்தால் இன்றைக்கும் பதறுகிறது. இப்போதெல்லாம் நான் சொல்லி முடித்ததும், நோயாளி எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். வளையல், வாட்ச், கயிறு எல்லாம் சேர்த்து. இந்த வருடம் காப்புக்கட்டுக்கு முன்பே, எங்களிடம் வரும் பெண்களின் ஊர்ப் பூசாரிகளுடைய நம்பர்களை வாங்கிப் பேச ஆரம்பித்துவிட்டேன். ஏழு ஊர் முடிந்திருக்கிறது.