கேப்டனோடு கூடவே வந்த பொட்டு

சிங்கப்பூரில் விமானங்களைப் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றின் பாதுகாப்புப் பிரிவில் நான் சேர்ந்த புதிது. பழுதுபார்த்த விமானத்தைப் பயணிகள் இல்லாமல் உச்சி உயரத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்து வரும் கேப்டன் ஒருவர், பட்டப்பகலில் வானத்தில் அடையாளம் தெரியாத ஏதோ ஒன்றைப் பார்த்ததாக எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதிக் கொடுத்தால் விசாரித்தே ஆகவேண்டும். விசாரணைக் குழு என்பது என் மேலதிகாரியான சீன அம்மையாரும் நானும்தான். அம்மையார் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

கேப்டன், ஜாலான் புசார் பக்கம் பல காலமாகத் துணிக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துக்காரர். அம்மையாரிடம் ஆங்கிலத்தில் விறைப்பாகப் பதில் சொல்லிவிட்டு, அவர் வெளியே போனதும் என் பக்கம் திரும்பி, இந்த ஊருக்கே உரிய 'லா' ஒட்டிய தமிழுக்கு மாறினார்.

"வெள்ளையா ஒரு பொட்டும்மா. நான் திரும்புனா அதுவும் கூடவே வருது."

"பயந்துட்டீங்களா கேப்டன்?"

"அதைப் பாத்து இல்லம்மா. கீழ வந்து சொல்லத்தான் பயம். கேன்டீன்ல ஏலியன் மாமான்னு கூப்பிடுறாங்க லா. கண்ணு சரியில்லைன்னு எழுதிட்டா என் வேலையே போச்சு."

வானிலைக்காரர்களைக் கேட்டோம்; அன்று அந்தப் பக்கம் பலூன் எதுவும் விடவில்லை. ரேடாரிலும் ஒன்றுமில்லை. ஜன்னல் கண்ணாடியில் கறையோ என்று நானே ஏறித் தேய்த்துப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. கடைசியில் அம்மையார், "நாமே போய்ப் பார்ப்போம்" என்றுவிட்டார்.

அதுவரை திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் பறந்த அனுபவம்தான் எனக்கு. இப்போது விமானி அறையில், கேப்டனுக்குப் பின்னால், வார்ப்பட்டையில் கட்டுண்டு உட்கார்ந்திருந்தேன். காலி விமானம் விறுவிறுவென்று ஏறியது. மேலே போகப் போக வானம் கருநீலமாகியது.

"அந்தா! இடப்பக்கம் பாருங்க!" என்றார் கேப்டன்.

இருந்தது! துளியூண்டு, வெள்ளை வெளேரென்று. "ஐயோ, இருக்கு, இருக்கு!" என்று கத்தினேன். அம்மையார் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனோம். அது பின்தங்கவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அம்மையார் கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். பேரனுக்கு நட்சத்திரம் காட்ட வைத்திருந்த வான வரைபடச் செயலியைத் திறந்து, அந்தப் பொட்டுக்கு நேரே பிடித்தார். அடுத்த நொடி கர்ரென்று ஒரு சத்தம். விமானத்தில்தான் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்தேன். அம்மையார் சிரித்துக்கொண்டிருந்தார்!

"வீனஸ் லா, கேப்டன்! வீனஸ்!"

"நம்ம வெள்ளியாம்மா?" என்று கேப்டன் என்னைக் கேட்டார். "பகல்லயா?"

அவ்வளவு உயரத்தில் வானம் இருண்டிருப்பதால், கூர்மையான கண்ணுக்குப் பகலிலும் தெரியுமாம். "உங்கள் பார்வை அபாரம் என்று அறிக்கையில் எழுதப் போகிறேன்" என்றார் அம்மையார். கேப்டனுக்கும் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. அதை அடக்கிக்கொண்டு கட்டுப்பாட்டு அறையோடு பேச அவர் பட்ட பாடு!

அன்று மாலை எங்களை ஜாலான் புசாருக்குப் பிரியாணி சாப்பிட அழைத்துப் போனார். சாப்பிட்டு வெளியே வந்தால், கடைவீட்டுக் கூரைகளுக்கு மேலே அது ஜொலித்துக்கொண்டிருந்தது. கேப்டன் நடைபாதையிலேயே நின்று கையை நீட்டி, போவோர் வருவோருக்கெல்லாம் காட்ட ஆரம்பித்துவிட்டார். கட்டுமான வேலை முடிந்து காய்கறிப் பையோடு வந்த நம்மூர்க்காரர் ஒருவர் நின்றார்.

"என்னண்ணே அங்க?"

"வெள்ளி, தம்பி! வெள்ளி!"

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு எங்களைக் கவலையோடு பார்த்தார்.

"இன்னைக்குப் புதன்தானேண்ணே?"

கேப்டன் பக்கத்துத் தூணைக் கட்டிக்கொண்டார். என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று அம்மையார் என் கையைப் பிடித்து உலுக்குகிறார். எனக்கு மூச்சு வந்தால்தானே மொழிபெயர்க்க!