மீதி அக்கா

யாரானாலும் முகத்தைப் பார்க்கும் முன் செருப்பைத்தான் பார்ப்பார் மீதி அக்கா. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர், கடை வரிசையில் முன்னால் நிற்பவர், வங்கி வாசல் காவலாளி, யாரையும் விட்டுவைப்பதில்லை. குதிகாலில் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று ஒரு நோட்டம் விட்டுவிட்டுத்தான் நிமிர்வார். "உங்களுக்கு வலது இடுப்புல வலி இருக்குமே?" என்று முன்பின் தெரியாத மனிதரிடம் கேட்டுவிடுவார். அந்த மனிதர் மிரண்டுபோய் ஆமாம் என்றதும் பக்கத்தில் நிற்கும் தன் கணவரை, பார்த்தாயா என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார். கணவர் தலையில் கைவைத்துக்கொள்வார். "உன்னோட வெளிய வந்தா வீடு போய்ச் சேர முடியாது."

மருத்துவமனையின் பின்கட்டில், சலவை அறையை ஒட்டியிருக்கிறது அவருடைய பட்டறை. செயற்கைக் கால் செய்யும் இடம். அலமாரியின் மேல்தட்டில் இடது பாதங்கள், கீழ்த்தட்டில் வலது பாதங்கள், எல்லாம் ரப்பர், எல்லாம் அளவுவாரியாக. நடுவில் நடை பழக இரண்டு நீளக் கம்பிகள், கடைசியில் ஆளுயரக் கண்ணாடி. மாவுக்கட்டுப் பொடி எப்போதும் அக்காவின் முழங்கை வரை ஒட்டியிருக்கும். வெட்டுப்பட்ட காலின்மேல் ஈரமான மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி அச்செடுத்து, அச்சில் மாவை ஊற்றிக் கெட்டியாக்கி, சூட்டில் இளகிய பிளாஸ்டிக்கை அதன்மேல் இழுத்து ஒட்டவைத்து, காலை நுழைக்கும் குழியைச் செய்வார். குழி ஒரு நூலளவு பிசகினாலும் நடப்பவரின் தோல் உரிந்துவிடும். அதனால் முடித்த குழிக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்சுவர் முழுக்கத் தடவிப் பார்ப்பார். அப்போது யாராவது பேசினால் கெட்டது கதை.

இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த வேலை. அதற்கு ஓராண்டு முன்புதான் அவருடைய இடது கால் முட்டிக்கு மேலே போனது. அவர் போட்டிருக்கும் கால் அவரே செய்ததுதான், ஐந்தாவது கால். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கச்சிதம் என்று தானே சொல்லிக்கொள்வார், கொஞ்சமும் கூச்சப்படாமல். "கொசு கடிச்சாக்கூட எனக்குப் பாதிதான் அரிக்கும்" என்பது புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் முதல் ஜோக். சிரிக்காதவர்களிடம் மறுநாளும் அதையே சொல்வார்.

பெயர் வந்த கதை இது. பட்டறைக்கு வருகிறவர்கள் காலை மூடிய போர்வையை விலக்க மாட்டார்கள். பெற்ற பிள்ளைக்குக்கூடக் காட்டாத இடம் அது. அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து, "எங்க, மீதியைக் காட்டுங்க" என்பார். போன கால் என்றோ வெட்டின கால் என்றோ யாரும் அந்த அறையில் சொல்லக்கூடாது. சொன்னால் திருத்துவார். "போனதை வச்சு நான் என்ன பண்ணட்டும்? மீதியிலதான் கால் கட்டணும்."

அந்தச் சொல் அவருக்குக் கிறிஸ்தவ வேதத்திலிருந்து வந்தது. ஆண்டவர் ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குக் கொடுத்த கதையில் எல்லோரும் அப்பம் பெருகியதை நினைத்து வியப்பார்கள். அக்காவின் மனம் நிற்பது அதற்கு அடுத்த வரியில். "எல்லாரும் வயிறார சாப்பிட்டாச்சு. அவர் பாட்டுக்குக் கிளம்பியிருக்கலாம்ல? பிஞ்சுபோன துண்டுகூட வீணாகக் கூடாதுன்னு பன்னெண்டு கூடை பொறுக்க வச்சாரு. ரொட்டித் துண்டுக்கே அவ்வளவு பாக்கறவரு, என் மீதியை விட்டுடுவாரா?" இதுதான் துன்பத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த இறையியல். இதற்கு மேல் கேட்டால், வேலை கிடக்கிறது என்பார்.

இந்த இறையியலுக்கும் அவருடைய சபைப் போதகருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. விபத்து நடந்த வாரம் போதகர் கட்டிலருகே நின்று, "ஆண்டவர் ஒரு நோக்கத்தோடதான்மா எடுத்திருக்கார்" என்று ஆறுதல் சொன்னார். மயக்க மருந்து முழுதும் தெளியாத நிலையிலும் பதில் வந்தது. "எடுத்தது அவரில்லீங்க ஐயா, லாரி."

நல்ல மனிதர்தான் அந்தப் போதகர். மழையானாலும் வெயிலானாலும் சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர். ஆனால் எந்த வலிக்கும் அவரிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். சோதனை, சிட்சை, புடமிடுதல் என்று அடுக்குவார். ஞாயிறுதோறும் ஜெபப் பட்டியலில் நோயாளிகள் வரிசையில் அக்காவின் பெயரையும் வாசித்து வந்தார். மூன்று வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா நேரில் போனார். "ஐயா, நான் நோயாளி இல்ல. நோயாளிங்க என்கிட்ட வர்றாங்க. என் பேரை வேலை செய்யறவங்க பட்டியலுக்கு மாத்துங்க." மாற்றினார்கள்.

முழங்கால் விவகாரம் அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. பாவ அறிக்கை ஜெபத்தின்போது சபை முழுவதும் முழங்காற்படியிடும். அக்காவின் கால் அதற்கு இடம் கொடுக்காது. நாலாவது பெஞ்சின் ஓரத்தில் அவர் ஒருவர் மட்டும் நிற்பார். உட்கார்ந்துகொள்ளலாமே என்று கமிட்டியில் சிலர் முணுமுணுத்தார்கள். இவளுக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது என்று வேறு சிலர். போதகரும் ஒருமுறை பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். அக்கா பதிலைத் தயாராக வைத்திருந்தார். "எந்திரிச்சு நிக்க எனக்கு ஒன்பது மாசம் ஆச்சுங்க ஐயா. அதுதான் என்கிட்ட இருக்கிறதுலயே நல்ல காணிக்கை. ஆமா, பெருமைதான்." நாலாவது பெஞ்சுக்கும் ஒரு கால் கொஞ்சம் குட்டை, உட்கார்ந்தால் ஆடும். அதனால்தான் அந்த இடம் எப்போதும் காலியாகக் கிடைக்கும் அவருக்கு.

போன வருடம் சர்க்கரை நோய் போதகரின் இடது காலை முட்டிக்குக் கீழே கொண்டுபோய்விட்டது.

அவர் மனைவி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒரு புதன்கிழமை பட்டறைக்கு வந்தார். போதகர் மடியில் போர்வை, அதன்மேல் வேதப்புத்தகம், அதற்குள் ஒரு உறை. "ராஜினாமா கடிதம் எழுதி வச்சிருக்காரும்மா. வீட்டுல யாரோடயும் பேசறதில்ல. ஜெபிக்கறதும் இல்ல" என்று மனைவி அக்காவின் காதோரம் சொன்னார்.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டார். "எங்கய்யா, மீதியைக் காட்டுங்க."

போதகர் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "முப்பது வருஷமா மத்தவங்களுக்குக் காரணம் சொன்னேன். எனக்கு ஒண்ணுகூடப் பொருந்தலம்மா. ஏன் இப்படின்னு உனக்காவது தெரியுமா?"

"தெரியாதுங்க ஐயா."

"இருபத்திரண்டு வருஷமாவா தெரியல?"

"தெரியல. தெரிஞ்ச மாதிரி பேசறவங்களைக் கண்டா எனக்குக் கொஞ்சம் அலர்ஜி, அது உங்களுக்கே தெரியும். ஆனா தெரியாத நாள்லயும் அவர் கூட இருந்தாரு. லாரிக்கு அடியிலகூட இருந்தாரு. அது மட்டும் நிச்சயம். இப்பப் போர்வையை எடுங்க, மாவு காயுது."

போதகர் சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாது. போர்வையை விலக்கினார். அக்கா மாவு படிந்த கையால் அந்தத் தழும்பை ஓரம் முதல் ஓரம்வரை அழுத்திப் பார்த்தார். "அருமையான மீதிங்க ஐயா. முட்டி முழுசா இருக்கு. எனக்கு இல்லாத சொத்து. பொறாமையா இருக்கு" என்றார். தழும்பை யாரும் அப்படிப் பாராட்டிப் போதகர் அதுவரை கேட்டதில்லை. அதையே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "உயிர்த்தெழுந்த பிறகும் ஆண்டவர் கையில காயம் அப்படியே இருந்துச்சு. அதை ஒரு நாள்கூட நான் யோசிச்சதில்லம்மா."

அக்கா ஈரத் துணியைக் காலில் சுற்றத் தொடங்கினார். "யோசிங்க. கட்டு காயற வரைக்கும் ஆடாம யோசிங்க."

அடுத்த நாலு மாதம் வாரம் இரண்டு நாள் போதகர் வந்தார். அக்கா யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. இரண்டு கம்பிகளுக்கும் முன்னால் கண்ணாடியை மறைத்து நிற்பார். வாயால் சொல்வது குறைவு. உடல் எடையை நல்ல காலிலேயே போட்டுக்கொண்டு ஏமாற்றுகிறவர்களைப் பார்த்து வலது உள்ளங்கையை உயர்த்தி, புதுக் கால் இருக்கும் பக்கமாக மெல்லச் சாய்ப்பார். எடையை இந்தப் பக்கம் போடு, பயப்படாதே, தாங்கும் என்று அர்த்தம். அந்தக் கை சாயச் சாயப் பெரிய அதிகாரிகள்கூடச் சாய்ந்து நின்றிருக்கிறார்கள். ஒரு நாள் அளவு நாடாவோடு கோயிலுக்குப் போய் பிரசங்க பீடத்தின் மூன்று படிகளையும் அளந்துவந்தார். ஒட்டுப்பலகைப் பெட்டிகளை அடுக்கி, பட்டறை மூலையில் அதே உயரத்தில் மூன்று படி கட்டினார். "ஏறும்போது பழைய கால் முன்னாடி, இறங்கும்போது புதுக் கால் முன்னாடி. சொல்லுங்க." போதகர் அதை மனப்பாடம் செய்து, சங்கீதம் ஓதுவதைப்போல ராகத்தோடு சொல்லிக்கொண்டே ஏறி இறங்கினார். மனைவி வாசலில் நின்று முதன்முறையாகச் சிரித்தது அன்றுதான்.

இருந்தாலும் கடிதம் கிழிபடவில்லை. கடைசி வாரம் அது மறுபடி வெளியே வந்தது. "முழங்கால் போடத் தோல் தாங்காதுன்னு சொல்லிட்ட. முழங்கால் போடாத போதகர் எதுக்கும்மா? சபை என்ன நினைக்கும்? அவமானமா இருக்கு."

அக்காவுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். "இத்தனை வருஷமா நான் நின்னது அவமானமாவாங்க ஐயா தெரிஞ்சுது உங்களுக்கு?" போதகர் தலைகுனிந்தார். "தப்புத்தாம்மா" என்றார். அக்கா கையை நீட்டி அந்த உறையை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை ஒரு தடவை ஏறுங்க. விழுந்தீங்கன்னா நானே தபால்ல போட்டுடறேன்."

ஞாயிற்றுக்கிழமை போதகர் ஏறினார். பழைய கால் முன்னால், ஒவ்வொரு படியாக. நாலாவது பெஞ்சில் அக்கா தன் கணவரின் கையை நசுக்கிக்கொண்டிருந்தார். படி மூன்றும் முடிந்தன. பிரசங்கம் சுருக்கமாக இருந்தது. சோதனை, சிட்சை என்ற சொற்கள் ஒருமுறைகூட வரவில்லை. பிறகு அவர் இறங்கி வந்ததும், பல வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "முழங்காற்படியிடுவோம்."

பெஞ்சுகள் கிறீச்சிட சபை மொத்தமும் தரையில் இறங்கியது. குனிந்த தலைகளுக்கு நடுவே இரண்டு பேர் மட்டும் நின்றார்கள், முன்னால் ஒருவர், நாலாவது பெஞ்சில் ஒருவர். போதகர் பலிபீடத்தின் கம்பியைப் பிடித்தார். எடை முழுவதும் நல்ல காலில். முழங்கால் மடங்கப் பார்த்தது. மடங்கினால் விழுவார், இல்லை தோல் கிழியும். கண்கள் பரிதவித்து நாலாவது பெஞ்சைத் தேடின.

மீதி அக்கா உள்ளங்கையை உயர்த்தி, புதுக் காலின் பக்கமாக மெல்லச் சாய்த்தார்.

போதகர் சாய்ந்தார். தோள்கள் நேராயின. கம்பியிலிருந்து ஒரு கை எடுபட்டது, அப்புறம் மற்றதும். இரண்டு கைகளையும் சபைக்கு மேலாக உயர்த்தி, நின்றபடியே ஜெபத்தைத் தொடங்கினார். குரலில் நடுக்கம் இல்லை.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெஞ்சில் இப்போது யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பையைத் திறந்து அந்த உறையை எடுத்தார். நாலாக மடித்துக் கீழே போட்டார். ஒரு கையால் பெஞ்சின் ஓரத்தை லேசாகத் தூக்கி, ரப்பர் பாதத்தின் நுனியால் உறையை அதன் குட்டைக் காலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஆடுகிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.