பாட்டில் வரும் கைகள்

நான் வேலை பார்ப்பது எஸ்டேட்காரர்கள் நடத்தும் டீக்கடையில். மலை விளிம்பில் கண்ணாடிச் சுவர் வைத்துக் கட்டிய கடை. கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தேயிலை. சனி, ஞாயிறு வந்தால் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கார்கள் வரிசையாக ஏறி வரும். டீயும் கேக்கும் கேட்டு வாங்கும் தமிழர்களில் பாதிப் பேர் தட்டை எடுத்துக்கொண்டு நகரும் முன் அதே கேள்வியைக் கேட்பார்கள். "சிஸ்டர், அந்தப் பாட்டு எடுத்த இடம் எங்க?"

எந்தப் பாட்டு என்று நான் திருப்பிக் கேட்பதில்லை. கையை நீட்டி எதிர்மலையைக் காட்டுவேன். அங்கே ஷூட்டிங் நடக்கவே இல்லை. நடந்த சரிவு கடைக்குப் பின்புறம், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பொய் சொல்கிறோமே என்று எனக்குக் கூச்சம் கிடையாது. நடந்து போகட்டும், உடம்புக்கு நல்லது. அந்தச் சரிவில் நின்று யாரும் கையை ஆட்டி வீடியோ எடுப்பதை என்னால் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

அந்தப் பாட்டின் நடுவில் நாலு விநாடி இரண்டு கைகள் மட்டும் வரும். மூட்டம் படிந்த செடிக்கு மேலே அவை நகரும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும், கண்ணாடி வளையல் குலுங்கும். அடுத்த ஷாட்டில் நடிகை நிமிர்ந்து சிரிப்பார். பார்க்கிறவர்கள் எல்லாரும் அது அவருடைய கை என்றுதான் நினைக்கிறார்கள். அது என் அம்மாவின் கை.

எனக்கு அப்போது பதினேழு வயது, பள்ளி விடுமுறை. சென்னையிலிருந்து படக்குழு வந்து இறங்கிய மூன்று நாளும் எஸ்டேட்டில் யாருக்கும் வேலை ஓடவில்லை. கயிறு கட்டி எங்களைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அந்த நடிகையின் படம் என் கணக்குப் புத்தக அட்டைக்குள் ஒட்டியிருந்தது. அவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம், நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம். மூச்சுவிடவே மறந்து நின்றேன்.

அவருக்குக் கொழுந்து கிள்ள வரவில்லை. நீள நகம் ஒன்று ஒடிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு கண் கலங்கினார். டைரக்டருக்கோ கையால் கிள்ளுவதுதான் வேண்டும். எங்கள் மலையில் கையால் கிள்ளுவதை விட்டு வெகுநாளாயிற்று. சாய்வு குறைந்த இடத்தில் இரண்டு பேர் தூக்கிப் பிடிக்கும் மெசின், செங்குத்தான இடத்தில் பை வைத்த கத்திரி. பங்களாதேஷிலிருந்து வந்த தம்பிகளுக்கு அது மட்டும்தான் தெரியும். வேகமாகக் கையால் கிள்ளத் தெரிந்தவர்கள் நாலைந்து பெண்களே மிச்சம். அவர்களில் கைவேலை சுத்தம் என்று மேனேஜர் அம்மாவைக் காட்டினார்.

அம்மாவின் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டிய காப்பு. பூசாரி கையால் கட்டி, திருவிழா முடிந்த பிறகு பூசாரி கையால்தான் அவிழ்க்க வேண்டும். அதுவரை விரதம். அம்மா தீச்சட்டி எடுப்பதாக வேண்டியிருந்தது என் அண்ணனுக்காக. அண்ணன் பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டினான். மழைநாளில் மலையிறங்கும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதுதான் வேண்டுதல்.

நடிகையின் கையில் மஞ்சள் கயிறு இல்லை. "அதைக் கழட்டணும்மா, இல்லேன்னா ஷாட் மேட்ச் ஆகாது" என்றான் உதவி டைரக்டர்.

"முடியாது தம்பி, ஆத்தா கயிறு" என்று அம்மா திரும்பி நடந்தார்.

அவன் என்னிடம் வந்தான். "உங்கம்மா வந்தா நீயும் உள்ள வரலாம். மேடத்தோட போட்டோ எடுத்துக்கலாம்" என்றான்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். "பூசாரிகிட்ட கேட்டுட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் ஓடினேன். கோயில் வரை போகவில்லை. பேக்டரிச் சுவருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போய்வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தேன். பிறகு வேண்டுமென்றே மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

"சரின்னுட்டாரும்மா. ஒரு மணி நேரந்தானே, அப்புறம் வீட்டுலயே கட்டிக்கலாம்னாரு."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். என் ஹேர்ப்பின்னால் அந்த முடிச்சை நெம்பி அவிழ்த்தேன்.

தேயிலைக் கறை ஏறிக் கறுத்திருந்த விரல்களை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தார்கள், பவுடர் பூசினார்கள். நடிகை தன் வளையல்களைக் கழற்றித் தானே அம்மாவுக்குப் போட்டுவிட்டார். "உங்க கை எவ்ளோ அழகா ஓடுதும்மா" என்றார். நல்ல பெண்தான், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என் தோளில் கைபோட்டு நின்றார். லோரிக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்த அண்ணன்தான் என் போனில் படம் எடுத்தான். "ஏய், கொஞ்சம் வாயை மூடு லா, ஈ போகும்" என்றான். படத்தின் ஓரத்தில் அவன் விரல் மங்கலாக விழுந்திருக்கிறது. அன்று மாலை வீட்டில் அம்மாவின் மணிக்கட்டில் கயிற்றை நானே கட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து ஐந்தாம் நாள், திருவிழாவுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கையில், பிற்பகல் மழையில் லோரி வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. அண்ணன் அங்கேயே போய்விட்டான்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைக் கொண்டுவந்து நடுவீட்டில் கிடத்தினார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். பெரியம்மாதான் முதலில் கேட்டார். "காப்பக் கழட்டிட்டுப் போய் சினிமாக்காரிக்குக் கை குடுத்தியாமே, யார் பேச்சக் கேட்டுடி கழட்டுன?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். காப்புக் கட்டிய பூசாரி சாவு வீட்டுக்குள் வரக்கூடாது. ஆனாலும் மனசு கேட்காமல் அவர் மழையில் நனைந்தபடி ரோட்டோரம், சாக்கடைக்கு அப்பால் நின்றிருந்தார். அம்மா எழுந்து வாசலுக்கு ஓடி அவரைப் பார்த்துக் கத்தினார்.

"நீங்க சொல்லித்தானே கழட்டுனேன்! நீங்க சொல்லித்தானே!"

எல்லாத் தலையும் ரோட்டுப் பக்கம் திரும்பியது. பூசாரி அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன். தப்பு என்னுதுதான்" என்றார்.

அந்த வருஷம் திருவிழா பேருக்கு நடந்தது. அடுத்த வருஷம் கோயில் கமிட்டி ஈப்போவிலிருந்து வேறு பூசாரியை அழைத்து வந்தது. பழைய பூசாரி வாய் திறக்கவில்லை. பேக்டரியில் இலை காய வைக்கும் பகுதியில் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தார். அம்மன் கும்பிட வந்தால் மற்றவர்களோடு வரிசையில் நிற்பார். சிலர் தள்ளி நிற்பார்கள். அம்மா அவர் முகத்தையே பார்க்கமாட்டார். மகனைப் பறிகொடுத்தவளின் ஆத்திரத்தைத் தணிக்கத்தான் அவர் பழியை ஏற்றுக்கொண்டார் என்று நான் புரிந்துகொண்டேன். உண்மை எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நம்பினேன். இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று நாள் போனது. நான் கோழை. அதை வேறு எந்தச் சொல்லாலும் சொல்ல முடியாது.

படம் ஓடவில்லை, பாட்டு ஓடியது. அந்தக் கைகள் எங்கே போனாலும் முன்னால் வந்து நின்றன. சாப்பாட்டுக் கடை டிவியில், கல்யாண மண்டபத் திரையில், ஈப்போ போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் போனில். வளையல் குலுங்கும், மணிக்கட்டு வெறுமையாக இருக்கும். அந்த நாலு விநாடியில் அண்ணன் உயிரோடு இருக்கிறான். கேமராவுக்கு இந்தப் பக்கம் மோட்டார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறான். கண்ணை மூடினால் சத்தம் கேட்கும், காதைப் பொத்தினால் கை தெரியும். பேய் பிடித்தால் வேப்பிலை அடிப்பார்கள். பாட்டு பிடித்துக்கொண்டால் எங்கே போவது?

பூசாரி பேக்டரி வேலையில் ரிட்டையர் ஆன பிறகு சில நாள் எங்கள் கடைப் பக்கம் நடந்து வருவார். தூரத்தில் அவர் தலை தெரிந்தாலே நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். கப் கழுவிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் அவர் போயாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே வருவேன்.

இந்த வருஷம் மாசி மாதம் அவர் இறந்தார். மனைவி முன்பே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. நான் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். அம்மா வரவில்லை. மணி பார்த்துச் சோறு வடித்தார், துணி மடித்தார். எனக்கு வெறுப்பாக இருந்தது. "செத்த மனுசன் மேல கூடவாம்மா கோவம்?" என்று கேட்டேன். அம்மா அடுத்த துணியை எடுத்து உதறினார்.

தீபாவளியன்று டிவியில் அந்த நடிகையின் பேட்டி வந்தது. இப்போது அவர் கதாநாயகி இல்லை, பாட்டுப் போட்டிகளுக்கு நடுவர். அந்தப் பாட்டைப் பற்றிக் கேட்டதும் கண்கள் மின்ன, "அது என் கையேதான். மூணு நாள் அங்க இருந்த அம்மாக்களோட உட்கார்ந்து கொழுந்து எடுக்கக் கத்துக்கிட்டேன்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அம்மா சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "பொய்யப் பாரேன். நகம் ஒடிஞ்சதுக்கே அழுதுச்சு."

அந்த நாளைப் பற்றி அம்மா வாய் திறந்ததே அன்றுதான். டிவியை அணைத்தேன்.

"அம்மா, அன்னைக்கு நான் பூசாரிகிட்ட போகவே இல்ல. பேக்டரிக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்துட்டு வந்தேன்."

"தெரியும்" என்றார் அம்மா.

சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"மறுநாளே தெரியும். விளக்குப் போடப் போனேன். கையைப் பார்த்துட்டு, இது நான் போட்ட முடிச்சு இல்லையேம்மான்னாரு. நடந்ததைச் சொன்னேன். சிரிச்சாரு. சின்னப் புள்ள, நடிகையப் பார்க்குற ஆசை, ஆத்தாளுக்குத் தெரியாதா, விடுங்கன்னு வேற கயிறு கட்டி விட்டாரு. திருவிழா முடியட்டும், உன்னைப் பிடிச்சு நாலு போடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவன் போயிட்டான்."

"அப்புறம் ஏம்மா அவரை அப்படி..."

"ஒங்க பெரியம்மா கேட்டா. நீ கதவுகிட்ட நிக்கிற. உன் வாய் அசைஞ்சுச்சு, நான் பார்த்தேன். நீ சொல்லியிருந்தா அண்ணனத் தின்னவன்னு உன்னைச் சாகுறவரைக்கும் சொல்லுவாளுங்க. வெளிய பார்த்தேன், அவரு நின்னாரு. வாயில வந்துருச்சு. அவரு ஒரு வார்த்தை மறுக்கல."

"கோயிலை விட்டு எடுத்தாங்களே, அப்பயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"போனேனே. கமிட்டிகிட்டச் சொல்லிடுறேன்னு அவர் வீட்டுக்கே போனேன். வேணாம்னுட்டாரு. எனக்கு வயசாச்சும்மா, புள்ளைக்கு இன்னும் எவ்ளோ இருக்குன்னாரு. இனிமே என்னைப் பார்த்தா பேசாதீங்க, பேசுனா சந்தேகம் வரும்னாரு."

நான் அழுதுகொண்டே கேட்டேன். "சாவுக்காவது வந்திருக்கலாம்லம்மா."

அம்மா தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி வர்றது? வந்தா அழுதுருவேன். இத்தனை வருஷமா பேசாத மனுசனுக்கு இவ ஏன் இப்படிக் கதறுறான்னு கேப்பாளுங்க. நீ வேற அங்க நிக்கிற."

அந்தச் சாவு வீட்டில் அழ ஆள் இல்லை. நாற்காலிகள் பாதி காலியாக இருந்தன. கடைசி வரிசையில் நின்ற எனக்கு அழுகை வந்தது. அழுதால் தெரிந்துவிடும் என்று நானும் அழவில்லை.